சுவால்குச்சியின் பட்டுத் தறிகள்: ஓர் அசாமிய நெசவூரின் வரலாறு

முன்னுரை

அசாம் மாநிலத்தின் பட்டு நெசவைப் பற்றிப் பேச முற்படும் எவரும் முதலில் சுட்டும் ஊர் சுவால்குச்சி ஆகும். கௌகாத்தி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், பிரம்மபுத்திரா ஆற்றின் வடகரையில், காமரூப் மாவட்டத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. அயக்கிரீவ மாதவர் கோயிலால் புகழ்பெற்ற ஹாஜோ இதற்கு அண்மையில் உள்ளது. ஊருக்குள் நுழைவோர் காதில் முதலில் விழுவது தறியின் ஓசையே. வீட்டு முற்றங்களிலும், தகரக் கூரையிட்ட நீண்ட கொட்டகைகளிலும், மாடிகளிலும் தறிகள் இயங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வூரைக் 'கிழக்கின் மான்செஸ்டர்' எனப் பாராட்டுவோர் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியக் கைத்தறியை நலிவுறச் செய்த ஆலைத் துணியின் பிறப்பிடத்தையே ஒரு கைத்தறி ஊருக்குச் சிறப்புப் பெயராகச் சூட்டியிருப்பது வியப்பிற்குரியது. எனினும் அப்பெயரில் ஓர் உண்மையும் பொதிந்துள்ளது. அசாமின் ஏனைய ஊர்களில் நெசவு வீட்டுப் பெண்களின் அன்றாடப் பணியாக இருந்துவர, சுவால்குச்சியில் மட்டும் அது கூலியும் முதலும் சந்தையும் கொண்ட தொழிலாக வளர்ந்துள்ளது. எனவே 'அசாமின் மரபு நெசவுக்கு எடுத்துக்காட்டான ஊர்' என்று இதனைக் கூறுவது எந்த அளவிற்குப் பொருந்தும்? இவ்வூரில் மரபு எனப்படுவதில் எவ்வளவு பழமையானது, எவ்வளவு அண்மைக் காலத்தது? இவ்வினாக்களை முன்னிறுத்தியே இக்கட்டுரை அமைகிறது.

பெயரும் தோற்றக் கதைகளும்

'சுவாலு' என்பது முகாப் பட்டுப்புழு உண்ணும் இலைகளைத் தரும் மரங்களுள் ஒன்றின் பெயர். 'குச்சி' என்னும் ஈறு காமரூபப் பகுதியின் ஊர்ப்பெயர்கள் பலவற்றில் காணப்படுவது. சுவாலு மரங்கள் மிகுந்த குடியிருப்பு என்ற பொருளில் இப்பெயர் தோன்றியிருத்தல் வேண்டும் என்பர். இவ்விளக்கம் பொருத்தமாகத் தோன்றினும், இன்று சுவால்குச்சியில் புழு வளர்ப்போர் இல்லை. நூல் முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது. பெயரில் மரம் நிற்கிறது. ஊரில் தறி நிற்கிறது.

இவ்வூரின் தோற்றம் பற்றி இரு மரபுச் செய்திகள் வழங்குகின்றன. காமரூபத்தை ஆண்ட பால மரபைச் சேர்ந்த தர்மபாலன் என்னும் அரசன், பர்பேட்டா பகுதியில் உள்ள தாந்திக்குச்சியிலிருந்து 26 நெசவாளர் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்குக் குடியமர்த்தினான் என்பது முதலாவது. அகோம் அரசன் பிரதாப சிங்கன் (1603–1641) காலத்தில் உயர் அலுவலராக விளங்கிய மோமாய் தாமுலி பர்பருவா இவ்வூரை நெசவூராக ஒழுங்குபடுத்தினார் என்பது இரண்டாவது.

இவ்விரண்டையும் அப்படியே ஏற்பதில் இடர்ப்பாடுகள் உள்ளன. தாந்திக்குச்சி பதினாறாம் நூற்றாண்டில், சங்கரதேவருடன் தொடர்புடைய நெசவாளர் குடியிருப்பாகவே புகழ் பெற்றது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கிருந்து குடும்பங்கள் பெயர்ந்தன எனும் செய்தியில், பிற்காலப் புகழ் முற்காலக் கதையோடு கலந்திருக்கக் கூடும். மோமாய் தாமுலி பற்றிய செய்தியிலோ காலமும் எல்லையும் பொருந்திவர மறுக்கின்றன. 1613 ஆம் ஆண்டை ஒட்டி இப்பகுதி முகலாயர் வசமாகி, ஹாஜோ அவர்தம் நிருவாக இருப்பிடம் ஆயிற்று. பின்னர் நிகழ்ந்த போர்களின் முடிவில், 1639 ஆம் ஆண்டு ஏற்பட்ட அசுரார் ஆலி உடன்படிக்கை வடகரையில் பர்நதி ஆற்றை இரு அரசுகளுக்கும் எல்லையாக வகுத்தது. சுவால்குச்சி அவ்வெல்லைக்கு மேற்கே, அதாவது முகலாயர் பக்கத்தில் இருந்த நிலம். 1682 ஆம் ஆண்டு இட்டாகுலிப் போருக்குப் பின்னரே அகோம் ஆட்சி இங்கு நிலைபெற்றது. ஆகவே பிரதாப சிங்கன் காலத்தில் அகோம் அலுவலர் ஒருவர் இவ்வூரில் நிலையான ஏற்பாடு எதனையும் செய்திருத்தல் எளிதன்று.

இக்கதைகள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. சுவால்குச்சியின் நெசவாளர் தம்மைப் பற்றிக் கூறும் இரு கூற்றுகள் அவற்றில் அடங்கியுள்ளன. தாம் வேறோர் இடத்திலிருந்து அழைத்து வரப்பட்ட தொழில் வல்லுநர் என்பது ஒன்று. தமக்கு அரசின் ஆதரவு இருந்தது என்பது மற்றொன்று. 'தாந்தி' எனப்படும் இச்சமூகத்தாரின் தொழில் தனித்தன்மையை இவ்விரு கூற்றுகளும் காத்து வந்துள்ளன.

நூல்களில் காணப்படும் சான்றுகள்

காமரூபத்தின் துணிகள் பற்றிய குறிப்புகள் பழமையானவை. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் 'சுவர்ணகுட்யம்' என்னும் இடத்திலிருந்து வரும் துகூல ஆடையைக் கூறுகிறது. அவ்விடத்தைக் காமரூபத்தோடு இணைத்துக் காண்பார் உளர். அதனைச் சுவால்குச்சியே எனத் துணிந்து கூறுவாரும் இல்லாமல் இல்லை. ஒலி ஒப்புமை ஒன்றை மட்டும் கொண்டு அவ்வாறு முடிவு கட்டுதல் ஏற்கத்தக்கதன்று. கலிங்க நாட்டுத் துணி தமிழில் 'கலிங்கம்' என்றே பெயர் பெற்றதை நாம் அறிவோம். துணியின் பெயர் இடத்தைச் சுட்டலாம். ஆயின் எவ்விடம் என்பதற்குப் பிற சான்று வேண்டும்.

ஏழாம் நூற்றாண்டுச் சான்று இதனினும் உறுதியானது. பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதத்தில், காமரூப மன்னன் பாஸ்கரவர்மன் ஹம்சவேகன் என்னும் தூதன் வழியாக ஹர்ஷருக்கு அனுப்பிய பரிசுகளுள் பட்டாடைகளும் இடம்பெறுகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் வெளியார் இருவரின் குறிப்புகள் கிடைக்கின்றன. 1662–63 இல் மீர் ஜும்லாவின் படையுடன் வந்த சிகாபுதீன் தாலிஷ், அசாமின் பட்டு சீனப் பட்டை ஒத்த சிறப்புடையது எனவும், தேவைக்கு மிகுதியாக அதனை அவர்கள் உற்பத்தி செய்வதில்லை எனவும் பாரசீக மொழியில் எழுதினார். பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, மரத்திலேயே வாழ்ந்து கூடு கட்டும் புழுவைப் பற்றிக் குறித்துள்ளார். அது முகாப் புழுவே என்பதில் ஐயமில்லை.

தாலிஷின் இரண்டாம் செய்தி நம் கவனத்திற்குரியது. தேவைக்கு மட்டும் நெய்தல் என்பது சந்தைக்கு நெய்யாமை ஆகும். அகோம் அரசில் நெசவு பெரும்பாலும் வீட்டிற்குள் நிகழ்ந்தது என்பதை ஒரு போர்க்கால அயலார் தம்மையறியாமலே பதிவு செய்துவிட்டார்.

வீட்டுத் தறியும் அசாமியப் பெண்களும்

இந்தியாவின் பல பகுதிகளில் நெசவு ஒரு சாதியின் தொழில். அசாமில் அவ்வாறன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாம் பற்றிய செய்திகளைத் திரட்டிய பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன், அரசி முதலாக எல்லாச் சாதிப் பெண்களும் பட்டு நெய்கின்றனர் என எழுதினார். அரசன் சிவ சிங்கனின் (1714–1744) தேவியருள் ஒருவரான சர்வேசுவரி அரண்மனையில் நெசவைப் பேணி வளர்த்தார் எனக் கூறப்படுகிறது. மோமாய் தாமுலி பர்பருவா, ஒவ்வொரு பெண்ணும் பொழுது சாய்வதற்குள் குறித்த அளவு நூல் நூற்றல் வேண்டும் என ஆணையிட்டார் என்னும் செய்தியும் இச்சூழலிலேயே பொருள்படுகிறது. அது சுவால்குச்சிக்கு உரிய ஆணையன்று. நாடு முழுவதற்கும் உரிய ஒழுங்கு.

போருக்குச் செல்லும் வீரனுக்காகப் பெண்கள் ஒரே இரவில் பஞ்சு எடுத்து, நூல் நூற்று, துணியாக நெய்து அளிக்கும் 'கவச் காபோர்' என்னும் கவச ஆடை அகோம் மரபில் சிறப்புடையது. 1532 ஆம் ஆண்டில் துர்பக் என்பவனின் படையெடுப்பின்போது, பிராசெங்முங் பர்கோஹாய்ன் இவ்வாடை இன்றிப் போர்க்களம் சென்று மாண்டார். அதனை நெய்ய இயலாதிருந்த அவர் மனைவி மூலா கபரு பின்னர்த் தாமே களம் புகுந்து உயிர் நீத்தார் என்பது அசாமியர் இன்றும் நினைவு கூரும் வரலாறு.

திருமணத்திற்குரிய பெண்ணுக்குத் தறி தெரிந்திருத்தல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, புத்தாண்டான போஹாக் பிஹூவில் பெரியோருக்கும் உற்றாருக்கும் தாமே நெய்த 'கமோசா' துண்டை அளித்தல், இவை யாவும் அவ்வீட்டு நெசவின் தொடர்ச்சியே. பெண்கள் அணியும் ஈருடைக்கு 'மேகேலா சாதர்' என்று பெயர். இடுப்பில் உடுப்பது மேகேலா. தமிழில் 'மேகலை' இடையணியாக நின்றுவிட, அங்கே அதே வடசொல் இடையுடையாக வழங்குகிறது என்பது மொழி ஆசிரியர்க்குச் சுவை பயக்கும் செய்தியாகும்.

அசாமியத் தறியின் உறுப்புகளுக்குரிய பெயர்களும் வீட்டு வழக்கில் பிறந்தவை. நாடாவை 'மாக்கோ' என்பர். விழுதுகளைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் சிறு மரத்துண்டுகளுக்கு 'நாசனி', அதாவது ஆடுமகள், என்று பெயர்.

பிருந்தாவன ஆடை

வீட்டு நெசவுக்கு அப்பால், தொழில்முறை நெசவாளரின் உயர்ந்த ஆக்கம் எது எனின், பிருந்தாவன ஆடையையே கூறுதல் வேண்டும். வைணவப் பெரியார் சங்கரதேவர் (1449–1568), கோச் அரசன் நரநாராயணனின் இளவல் சிலராயின் வேண்டுகோளுக்கிணங்க, கண்ணனின் இளமைக்கால நிகழ்ச்சிகளைப் பட்டில் சித்திரமாக நெய்விக்க முன்வந்தார். தாந்திக்குச்சியின் நெசவாளர் அப்பணியை மதுராதாசர் தலைமையில் செய்தனர். வண்ணங்களையும் காட்சிகளையும் சங்கரதேவரே வகுத்தளித்தார். 120 முழ நீளமும் 60 முழ அகலமும் கொண்டதாக அது வருணிக்கப்படுகிறது.

அம்மூல ஆடை இன்று இல்லை. ஆனால் அம்மரபில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நெய்யப்பட்டதாகக் கருதப்படும் ஆடை ஒன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒன்பது மீட்டருக்கு மேல் நீளமுடைய அது பன்னிரண்டு துண்டுகளை இணைத்துத் தைத்தது. அசாமிலிருந்து திபெத்துக்குச் சென்று, அங்கு ஒரு மடத்தில் தொங்கலாகப் பயன்பட்டது. 1903–04 இல் யங்ஹஸ்பண்டின் படையோடு திபெத் சென்ற இலண்டன் இதழாளர் பெர்சிவல் லாண்டன் அதனைப் பெற்று அருங்காட்சியகத்திற்கு அளித்தார். 2016 ஆம் ஆண்டு அங்கு நடைபெற்ற கண்காட்சியின் நடுநாயகமாக அவ்வாடை விளங்கியது.

தொழில்நுட்ப அடிப்படையில் இது மிகச் சிக்கலான நெசவு. இரு பாவுகள் கொண்டு, உருவங்களைத் துணியோடு துணியாக எழுப்பும் முறை இதில் கையாளப்பட்டுள்ளது. அம்முறை அசாமில் பின்னர் வழக்கொழிந்தது. சுவால்குச்சியின் தாந்தியர் தாந்திக்குச்சியைத் தம் மூதூராகக் கூறுகின்றனர். ஆயினும் அவர்தம் தறிகளில் இந்நுட்பம் தொடரவில்லை என்பதை மறைத்தல் ஆகாது. மரபு தொடர்ந்தது என்பதும் மரபு அறுந்தது என்பதும் ஒரே ஊரில் ஒருங்கே உண்மையாக இருக்கின்றன.

மூவகைப் பட்டு

அசாமில் பட்டு மூவகைப்படும். ஆமணக்கு இலை உண்ணும் புழுவிலிருந்து பெறுவது எரிப் பட்டு. 'ஏரண்டம்' என்னும் வடசொல்லே 'எரி' ஆயிற்று. இதன் கூடு ஒரு புறம் திறந்திருப்பதால் நீளிழையாக எடுக்க இயலாது. பஞ்சு போல் நூற்றே பயன்படுத்துவர். கம்பளம் போன்ற வெதுவெதுப்பு இதற்குண்டு. முசுக்கொட்டை இலையால் வளர்வது வெண்பட்டாகிய 'பாட்'. மூன்றாவது, பொன்னிறமான முகா.

முகாவைத் தரும் புழு இயற்கையில் அசாமிலும் அதனைச் சூழ்ந்த வடகிழக்குப் பகுதிகளிலும் மட்டுமே வாழ்கிறது. சோம், சுவாலு ஆகிய மரங்களில் திறந்த வெளியில் அதனை விட்டு வளர்ப்பர். மழை, வெயில், காகம், குளவி ஆகியன அனைத்தும் அதற்குப் பகை. ஆகவே வளர்ப்போர் புழுப்பருவம் முழுவதும் மரத்தடியில் காவல் இருப்பர். முதிர்ந்த புழு மாலை வேளையில் மரத்திலிருந்து கீழே இறங்கி வரும். அதனை எடுத்துக் காய்ந்த இலைக்கட்டில் இட, அதனுள் கூடு கட்டும். ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு தலைமுறைகள் தோன்றினும், கோடைத் தொடக்கத்தின் 'ஜேட்டுவா', இலையுதிர் காலத்தின் 'கட்டியா' ஆகிய இரண்டே வணிக அறுவடைகள். நூல் எடுப்பதற்கு 'பீர்' என்னும் கருவியில் இருவர் அமர்வர். ஒருவர் இழைகளைக் கூட்டி இழுக்க, மற்றவர் முன்கையில் உருட்டி முறுக்கேற்றுவார். ஆயிரம் கூடுகளிலிருந்து ஏறத்தாழ 125 கிராம் நூலே கிடைக்கும் என்பது வழக்கமான கணக்கு. அண்மைய ஆண்டுகளில் இந்தியாவின் முகா உற்பத்தி ஏறத்தாழ 200 முதல் 260 மெட்ரிக் டன் அளவே. நாட்டின் மொத்தப் பட்டு உற்பத்தியோ 30,000 மெட்ரிக் டன்னுக்கும் மிகுதி. முகாவின் விலை ஏன் அவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டுவதில்லை.

முகாவின் பொன்னிறம் சாயமன்று. துவைக்கத் துவைக்க மெருகேறும் தன்மை அதற்குண்டு. அகோம் காலத்தில் அரச குடும்பத்தாருக்கும் உயர்குடியினருக்கும் உரிய ஆடையாக அது மதிக்கப்பட்டது. மாறாக, பாட் புழுவை வளர்த்தல் இழிவெனக் கருதப்பட்டு, 'கட்டனி' என வழங்கிய யோகியர் சமூகத்தாரிடமே விடப்பட்டது. ஆடையை விரும்பி உடுத்தோர் அதன் புழுவைத் தீண்ட மறுத்தனர். நெசவில் சாதி வேறுபாடு இல்லை என முன்னர்க் கூறினோம். ஆயின் புழு வளர்ப்பில் அது இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில்

1826 ஆம் ஆண்டு யாண்டபோ உடன்படிக்கையால் அசாம் ஆங்கிலேயர் வசமாயிற்று. புதிய ஆட்சியாளர் பட்டின் மீது தொடக்கத்தில் ஆர்வம் காட்டினர். 1837 இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் தாமஸ் ஹியூகன் அசாமின் பட்டுப்புழுக்கள் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். 1884 இல் ஸ்டாக், 1899 இல் பி. சி. ஆலன் ஆகியோரின் அரசு அறிக்கைகள் வெளிவந்தன. முகா நூல் வங்காளத்திற்கு ஏற்றுமதியாகி, டாக்காவின் 'கசீதா' பூவேலைத் துணிகளில் பயன்பட்டது.

ஆனால் அரசின் உண்மையான நாட்டம் தேயிலையில் இருந்தது. மேல் அசாமில் காடுகளும் சோம் மரத் தோப்புகளும் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டன. இறக்குமதி நூலும் ஆலைத் துணியும் சந்தைகளில் குவிந்தன. நூல் நூற்றல் விரைந்து நலிந்தது. நெசவு அவ்வாறு நலியவில்லை. விற்பனைக்காக நெய்யாதவரை விற்பனைப் போட்டி எளிதில் வீழ்த்த இயலாது என்பதே அதன் காரணம். வங்காளத்தின் மசுலின் நெசவாளர் சந்தையை நம்பி வாழ்ந்து சந்தையால் அழிந்தனர். அசாமியப் பெண்ணோ தன் குடும்பத்திற்காக நெய்தாள். இறக்குமதி நூலையே தறியில் ஏற்றிக்கொண்டாள்.

1921 ஆகஸ்டு மாதம் அசாம் வந்த காந்தியடிகள் இதனைக் கண்டு வியந்தார். அசாமியப் பெண்கள் ஒவ்வொருவரும் பிறவி நெசவாளர் என்றும், துணியில் கற்பனைக் கதைகளை நெய்பவர் என்றும் போற்றினார். 1946 சனவரியில் அவர் சுவால்குச்சிக்கே வந்தார். காதியின் தூதர் ஒரு பட்டு நெசவூரில் அளித்த பாராட்டை அவ்வூரார் இன்றும் பெருமையாக எடுத்துரைக்கின்றனர்.

போர்க்காலத் திருப்பம்

சுவால்குச்சியின் வரலாற்றில் பெரிய திருப்பம் தர்மபாலன் காலத்திலோ அகோமியர் காலத்திலோ நிகழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. 1930களுக்கு முன்பு இது பல தொழில்கள் விரவிய கைவினை ஊராக இருந்தது. எண்ணெய் ஆட்டுதல், மட்பாண்டம், பொன் வேலை, மீன்பிடித்தல் ஆகியவற்றோடு நெசவும் ஒன்று. அதுவும் தாந்தியர் வாழ்ந்த பகுதிக்குள் அடங்கியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. பர்மாப் போர்முனைக்கு அசாம் வழங்கல் தளமாயிற்று. படையினரும் பணமும் திரண்டு வந்தமையால் துணி விலை பன்மடங்கு உயர்ந்தது. தறி வைத்திருந்தோர் பெற்ற ஊதியத்தைக் கண்ட மீனவர்களான கைவர்த்தர் முதலிய பிற சமூகத்தாரும் நெசவில் இறங்கினர். அந்தணக் குடும்பத்தாரும் பின்வாங்கவில்லை. எறிநாடாத் தறிகள் பெருகின. மட்பாண்டமும் எண்ணெய்ச் செக்கும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. சில பத்தாண்டுகளில் பல தொழில் ஊர் ஒரு தொழில் ஊராயிற்று.

கருவிகளும் மாறின. நாடாவைக் கையால் எறிந்து வாங்கிய பழைய தறியின் இடத்தைக் கயிறு இழுத்தால் நாடா ஓடும் தறி பிடித்தது. அதன் மேல் ஜக்கார்ட் எந்திரம் ஏற்றப்பட்டது. முன்னர் நெசவாளரின் நினைவிலும் மூங்கில் குச்சிகளிலும் இருந்த பூவேலை இப்போது கட்டத் தாளில் வரைந்து, அட்டையில் துளையிட்டுத் தரப்படுகிறது. வரைபவர், அட்டை வெட்டுபவர், பாவு ஓட்டுபவர், நெய்பவர் எனத் தொழில் பிரிந்தது. மிரி பூட்டா, கிங்காப், மகர், கோல்கா முதலிய வடிவங்கள் இவ்வட்டைகளின் வழியாகவே இன்று பரவுகின்றன. தஞ்சம் கொண்ட கலைஞர் கையால் மட்டும் ஆவது மரபு என்போர் இதனைக் குறை கூறலாம். ஆயின் காஞ்சிபுரத்திலும் வாரணாசியிலும் நிகழ்ந்தது இதுவேயாகும்.

நூலிலும் மாற்றம் ஏற்பட்டது. முகா மேல் அசாமிலிருந்தும் காரோ மலைப் பகுதியிலிருந்தும் வர, பாட் நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து, பெங்களூர் வணிகர் வழியாக வருகிறது. அசாமியத் திருமணப் பெண் உடுத்தும் பாட் மேகேலாவின் இழை தென்னிந்திய முசுக்கொட்டைத் தோட்டத்தில் பிறந்ததாக இருத்தல் இயல்பாகிவிட்டது. சீன நூலும் இடையிடையே பயன்பட்டது.

தறியில் அமர்ந்திருப்போர்

சுவால்குச்சியைப் பற்றிய எழுத்துகள் தறிகளைப் பேசும். உடைமையாளரையும் வணிகரையும் பேசும். தறியில் அமர்ந்திருப்போரைப் பற்றி அவை பேசுவது குறைவு. தறிகளின் தொகை குடும்பத்தார் கைகளின் தொகையைத் தாண்டியதும் கூலி நெசவாளர் தேவைப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வெளியூர் இளம்பெண்கள். குறிப்பாக, கீழ் அசாமின் போடோ இனத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தோர். போடோப் பெண்கள் தம் வீட்டில் 'தொக்கனா' எனும் தம் மரபு ஆடையை நெய்து பழகியவர்கள். எனவே தறி அவர்களுக்குப் புதிதன்று. உடைமையாளர் வீட்டிலோ கொட்டகையை ஒட்டிய அறையிலோ தங்கி, நெய்த துண்டுகளின் கணக்குப்படி கூலி பெறுகின்றனர். முன்பணம் பெற்று அதனை நெய்து கழிக்கும் முறையும் உண்டு.

முன்னர் விளக்கிய இரு மரபுகளும் இவ்விடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. வீட்டு நெசவில் பெண் தன் தறிக்குத் தானே உரியவள். நெய்ததைத் தானே உடுத்தாள் அல்லது தன் விருப்பப்படி வழங்கினாள். சுவால்குச்சியில் அதே கைத்திறன் பிறர் தறியில், பிறர் நூலில், பிறர் வரைந்த அட்டைப்படி இயங்குகிறது. தான் நெய்யும் முகா மேகேலாவை வாங்கும் நிலையில் அவள் இல்லை. காந்தியடிகள் போற்றிய பெண்ணும் இவளும் ஒருவரல்லர். எனினும் விளம்பரங்களிலும் சுற்றுலா ஏடுகளிலும் அப்புகழ்ச்சி இவளுக்குரியதாகவே காட்டப்படுகிறது. இதில் ஒரு பக்கத்தை மட்டும் கூறுதலும் நேர்மையாகாது. வேளாண் வருவாய் குன்றிய சிற்றூர்ப் பெண்ணுக்குத் தன் பெயரில் பணம் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு. சுவால்குச்சியில் தொழில் கற்றுத் தம் ஊர் திரும்பிச் சொந்தத் தறி நிறுவியோரும் உள்ளனர்.

2013 ஆம் ஆண்டும் அதன் பின்னரும்

முகாப் பட்டுக்கு 2007 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அசாமிய ஆடைகளின் வடிவங்களுக்கு அத்தகைய காப்பு அப்போது இல்லை. வாரணாசி விசைத்தறிகளில் சுவால்குச்சிப் பூவேலையைப் படியெடுத்து நெய்த மேகேலா சாதர்கள் மிகக் குறைந்த விலையில் அசாமின் கடைகளை நிரப்பின. சுவால்குச்சிக் கடைகளிலேயே அவை விற்கப்பட்டன என்பதுதான் நெசவாளரைக் கொதிக்கச் செய்தது. 2013 மார்ச்சு இறுதியில் அவர்கள் தெருவில் திரண்டு, அத்துணிகளைக் கடைகளிலிருந்து வெளியே இழுத்துத் தீயிட்டனர். காவல்துறையுடன் மோதல் ஏற்பட்டு, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. போஹாக் பிஹூவுக்குச் சில வாரங்களே இருந்த நேரம் அது. ஆண்டின் முதன்மையான விற்பனைக் காலமும் அதுவே.

பகை வாரணாசியில் இருப்பதாகவே அன்று பேசப்பட்டது. ஆனால் அத்துணிகளை வரவழைத்தோர் அசாமின் வணிகரே. சுவால்குச்சியின் புதிய வடிவங்கள் அங்குச் சென்றதும் அவர்கள் வழியாகவே. வாரணாசியின் கைத்தறியாளரும் அதே விசைத்தறியால் நலிந்தவர்கள் என்பதை அக்கூச்சலில் எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. முகாவுக்கு ஈடாகச் சாயமிட்ட டசர் நூலைப் பயன்படுத்தும் பழக்கம் அசாமுக்குள்ளேயே இருந்து வந்ததையும் இங்குக் குறிப்பிடுதல் தகும்.

2020 மார்ச்சு 25 அன்று தொடங்கிய பெருந்தொற்று முடக்கம் மற்றுமொரு பிஹூ விற்பனையைப் பறித்தது. வெளியூர் நெசவாளர் பலர் ஊர் திரும்பினர். தறிகள் பல மாதங்கள் ஓய்ந்து கிடந்தன. 2019–20 இல் எடுக்கப்பட்ட நான்காவது அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர் குடும்பங்களின் தொகையில் அசாம் முதலிடம் பெற்றிருந்தது. ஆயின் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிறு வருவாய் உடையோரே.

2022 டிசம்பரில் கமோசாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனை அடுத்து 2023 இல் அசாம் அரசு, விசைத்தறியில் நெய்த கமோசா, மேகேலா சாதர், போடோ மக்களின் அரோனை முதலியவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்து, கடைகளில் சோதனைகளை நடத்தியது. இத்தடைக்கு அடிப்படையானது 1985 ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். குறிப்பிட்ட ஆடைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என அச்சட்டம் வரையறுக்கிறது. துணி எவ்வகைத் தறியில் நெய்யப்பட்டது என்பதே அதன்கீழ் வரும் அலுவலர் கேட்கும் வினா. அத்தறியில் அமர்ந்து நெய்தவருக்கு அளித்த கூலி, அவர் பெற்ற முன்பணம், அவர் தங்கியிருக்கும் அறை ஆகியவற்றைப் பற்றி அச்சட்டத்தில் விதி எதுவும் இல்லை.